அப்பா தொடாத தூண்டில் கம்பு

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்காக வீட்டை ஒட்டடை அடித்தபோது, உத்தரத்துக்கு மேலே சொருகியிருந்த மூங்கில் கம்பு ஒன்று கீழே வந்தது. ஒட்டடை அடித்த சித்தப்பா மகன் அதைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன, துணி காயப்போடுறதுக்கா? நல்லா கெட்டியா இருக்கே," என்றான். நான் அதை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். அடியைத் தரையில் ஊன்றி, நுனியைப் பிடித்து வளைத்து விட்டேன். பன்னிரண்டு வருடம் அடுப்புப் புகையில் கிடந்த கம்பு அது. விட்டதும் பழையபடி நேராக நின்றது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. அதற்கு முந்தின பதினைந்து நாளும் வரவில்லை.

அந்தக் கம்பை வாங்கியபோது எனக்கு ஒன்பது வயது. கோட்டையூரில், காரைக்குடி போகும் ரோட்டோரம் அப்பா வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஏழு சைக்கிள், காற்றடிக்க ஒரு பம்பு, பஞ்சர் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான் கடை. அம்மா மாசமாக இருந்தாள். நான் ஒரே பெண். எனக்குப் பிறகு இரண்டு பிறந்து இரண்டும் தங்கவில்லை. அதனால் இந்தத் தடவை அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, கீழச்சிவல்பட்டியிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிவிட்டாள். வந்த அன்றைக்கே சட்டம் போட்டாள். சட்டமெல்லாம் அம்மாவுக்கு இல்லை, அப்பாவுக்கு.

பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் முடி வெட்டக் கூடாது, சவரம் பண்ணக் கூடாது. பிணம் தூக்கக் கூடாது. தேங்காய் உடைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, எந்த உயிரையும் எடுக்கக் கூடாது. எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் உள்ள வழக்கம்தான். மற்ற வீட்டு ஆண்கள் பாதியைக் கடைப்பிடித்து மீதியை மறந்துவிடுவார்கள். அப்பா ஒன்றைக்கூட மறக்கவில்லை. தாடி கழுத்தை மறைத்துவிட்டது. டீயில் எறும்பு விழுந்தால் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியின் நுனியால் அதைத் தூக்கிப் பலகையில் விட்டு, அது எழுந்து நடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மிச்ச டீயைக் குடிப்பார். ஆறியிருந்தாலும் குடிப்பார்.

அம்மாவுக்கு ஐந்தாம் மாதம் ஆகியும் வாந்தி நிற்கவில்லை. சோறு இறங்கவில்லை, கஞ்சி இறங்கவில்லை. கன்னம் ஒட்டி, மூக்குத்தி மட்டும் பெரிதாகத் தெரிந்தது. தொண்டியிலிருந்து பஸ்ஸில் வரும் கடல் மீனைச் சைக்கிளில் வைத்து விற்கும் ஒரு பாய், அப்பா கடையில்தான் காற்றடிப்பார். அவர் வாசலில் மணியடித்தாலே அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடுவாள். ஒருநாள் அத்தை தலையில் அடித்துக்கொண்டு, "அடி, எதுதான் இறங்கும் ஒனக்கு? வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்," என்றாள்.

அம்மா வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "கல்லுக்குழி விரால் கெடச்சா ரெண்டு வாய் திம்பேன்."

கல்லுக்குழி என்பது ஊருக்கு மேற்கே இருக்கிற பள்ளம். வீடு கட்டுவதற்குச் செம்பாறையை வெட்டி வெட்டி எடுத்த இடம். மழைக்காலத்தில் கண்மாய் நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் அங்கே போய்த் தேங்கும், மீனும் கூடவே போகும். அந்த வருடம் மழையில்லை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. கல்லுக்குழியில் மட்டும் தண்ணீர் இருந்தது. அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் அந்த மீனைத் தின்றாளாம்.

அப்பா அன்றைக்கே கல்லுக்குழிப் பக்கம் ஆடு மேய்க்கும் பையன்கள் மூன்று பேரிடம் போய்க் கேட்டார். அவர்கள் சிரித்தார்கள்.

"மாமா, உள்ள கெடக்குறது ஒரே ஒரு பெரிய விரால். எங்க மூணு பேரு கம்பையும் முறிச்சிருக்கு. வேணும்னா முறிஞ்ச கம்பத் தாரோம், அடுப்பெரிக்க ஆகும்."

ஏன் முறிகிறது என்று நான் கேட்டேன். பையன்களில் பெரியவன் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினான். கண்மாய்க் கரை சரிவானது. மீன் மாட்டினால் சரிவில் இழுத்துக்கொண்டே பின்னால் போகலாம். கல்லுக்குழியில் கரை கிடையாது. செங்குத்தாக வெட்டிய பாறை. பாறை மேல் நின்றால் தண்ணீர் ஓர் ஆள் ஆழத்தில் கீழே கிடந்தது. மீனை இழுக்க முடியாது, தூக்கத்தான் வேண்டும். அதுவும் துள்ளத் துள்ளத் தூக்க வேண்டும். அங்கேதான் எல்லாக் கம்பும் கழுத்து முறிந்தது.

எந்தக் கம்பு முறியாது? அன்றையிலிருந்து எனக்கு வேறு யோசனையே இல்லை. கண்ணில் பட்ட குச்சியையெல்லாம் வளைத்துப் பார்த்தேன். முருங்கை தொட்டதும் ஒடிந்தது. வேப்பங்குச்சி முறைத்துக்கொண்டு நின்று திடீரென்று ஒடிந்தது. புளியம் விளார் ஒடியவே இல்லை, ஆனால் வளைத்தால் வளைத்தபடியே கூன் போட்டு நின்றது. நொச்சி கொஞ்சம் தேவலை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரின் பிரம்பை முதல்தடவையாக மரியாதையோடு பார்த்தேன். நாற்பது பிள்ளைகளை அடித்தும் அது முறியவில்லையே! அவர் வெளியே போன நேரத்தில் எடுத்து வளைத்துப் பார்த்தேன். திரும்பி வந்தவர் அதே பிரம்பால் உள்ளங்கையில் நாலு போட்டார். கை எரிந்தது. ஆனாலும் அடிக்கும்போது நுனி எப்படி வளைந்து நிமிர்கிறது என்பதைக் கவனித்துக்கொண்டேன்.

இரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போது என் கையைப் பார்த்த அப்பா என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பிரம்பு நல்லதுதான். ஆனா அம்புட்டு நீளத்துக்குப் பாரம் தூக்காது, தொங்கிப்போகும். கெட்டி மூங்கில்தான் சரி," என்றார். அத்தைக்குப் புரிந்துவிட்டது. அகப்பையைக் கீழே வைத்தாள்.

"தம்பி, நீ தூண்டிலக் கையால தொட்ட, நான் அடுத்த பஸ்ஸுல ஊருக்குப் போயிருவேன்."

"நான் தொடலக்கா. புள்ள பிடிக்கட்டும்."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, அது பாவம் அறியாத கை. அது பிடிச்சா தோசமில்ல. நீ தள்ளியே நிக்கணும், சொல்லிப்புட்டேன்."

அப்பா சைக்கிள் கடைக்காரர். அவருக்கும் மீனுக்கும் சாப்பாட்டில் தவிர வேறு பழக்கமில்லை. ஆனால் எந்தப் பொருளானாலும் எங்கே பாரம் விழுகிறது, எது தாங்குகிறது என்று பார்ப்பது அவருக்குப் பழக்கம். மறுநாள் என்னைச் சைக்கிளில் வைத்துக் காரைக்குடிச் சந்தைக்குக் கூட்டிப்போனார். மூங்கில் குவித்து வைத்திருந்த அம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"என்னப்பு, பந்தலுக்கா, ஏணிக்கா?"

"தூண்டிலுக்கு."

"அப்பாடி! தாடியப் பாத்துட்டு நான் பாடைக்கோன்னு பயந்துட்டேன்."

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "அப்படியெல்லாம் சொல்லாதீகம்மா. வீட்டுல மாசமா இருக்காக."

அந்த அம்மாள் சட்டென்று தன் வாயிலேயே ஓர் அடி போட்டுக்கொண்டாள். "ஆத்தாடி, என் வாயில மண்ணு விழ! தெரியாமச் சொல்லிட்டேன். அப்ப நீக தொடாதீக, அங்குட்டு நில்லுங்க. ஏத்தா, நீ இங்குட்டு வா." குவியலின் அடியிலிருந்து தானே உருவி உருவிப் போட்டாள்.

வெட்டிய முனையைப் பார்க்கச் சொன்னாள். நடுவில் ஓட்டை பெரிதாக இருந்தால் ஏணிக்குத்தான் ஆகும். ஓட்டை நெல்மணி அளவுக்கு இருக்க வேண்டும், இல்லாமலேயே இருந்தால் இன்னும் நல்லது. கணு நெருக்கமாக இருக்க வேண்டும். நான் ஒவ்வொன்றாக எடுத்து, அடியை ஊன்றி, நுனியைப் பிடித்து வளைத்தேன். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்தும் நிமிர்ந்தும், ஒரு கண்ணை மூடியும் பார்த்தார்.

"இது நுனியில மட்டும் வளையுது. வேணாம்."

"இது நடுவுல திடீர்னு மடங்குது பாரு. அந்த எடத்துலதான் முறியும்."

"ஏம்ப்பா, முறியாத கம்புன்னா வளையவே கூடாதுல்ல?" என்று கேட்டேன்.

"அப்படியில்லத்தா. வளைவு அடி வரைக்கும் எறங்கி வரணும். எல்லாக் கணுவும் பாரத்தப் பிரிச்சுத் தூக்கணும். சைக்கிள் சக்கரத்துல ஒரு கம்பி மட்டும் பாரம் தாங்குனா என்ன ஆகும்? அது அத்துரும். அப்புறம் அடுத்தது அத்துரும்."

இருபது இருபத்தைந்து கம்பு பார்த்திருப்போம். மூங்கில்கார அம்மாள் கொட்டாவி விட்டாள். "மாப்பிள்ள பாக்குறவுககூட இம்புட்டுப் பாக்க மாட்டாக," என்றாள். கடைசியில் ஒன்று கிடைத்தது. மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம், என் கட்டைவிரல் தடிமன், என்னைப்போல் இரண்டு மடங்கு உயரம். வளைத்தபோது நுனியிலிருந்து அடிவரை ஒரே சீராக வில்லாகி, விட்டதும் விர்ரென்று நிமிர்ந்தது. அப்பாவின் கை அதைத் தொட்டுப் பார்க்க முன்னால் வந்தது. வந்த கை பாதியில் நின்று தாடியைத் தடவிக்கொண்டு திரும்பிப் போனது.

வீடு வரைக்கும் நான்தான் பின்னால் கேரியரில் உட்கார்ந்து, வேல் பிடித்த மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நுனி ஒருவருடைய முண்டாசில் மாட்டி, அவர் எங்களைத் துரத்திக்கொண்டு வந்தது தனிக் கதை.

கடையில் வைத்துக் கம்புக்கு வேலை நடந்தது. பழைய டியூப்பை நாடாவாக அறுத்துக் கணுவுக்குக் கணு இறுக்கிச் சுற்றினேன். அப்பா தள்ளி நின்று ஸ்போக்ஸ் கம்பியால் காற்றில் சுட்டிக்காட்டுவார். "இன்னும் இறுக்கு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும். ஆங், அங்குட்டு ஒரு சுத்து." பிறகு கம்பின் அடியைக் கடைத்தூணில் படுக்கைவசமாகக் கட்டி, நுனியில் ஒரு தகர டப்பாவைத் தொங்கவிட்டு, தேய்ந்த பெடலும் செயினுமாக அதை நிரப்பச் சொன்னார். காலையில் தொங்கவிட்டது சாயங்காலம் வரை தொங்கியது. கடைக்கு வந்தவர்களெல்லாம் என்ன வியாபாரம் இது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சாயங்காலம் டப்பாவைக் கழற்றியபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். புளியம் விளார் மாதிரி கூன் போட்டுவிட்டால்? போடவில்லை. கம்பு மெதுவாக எழுந்து, கொஞ்சம் ஆடி, நேராக நின்றது. அப்பா தொடையில் தட்டிக்கொண்டார்.

தூண்டில் முள்ளும் நைலான் நரம்பும் மீன்கார பாய் கொடுத்தார். "கடல்ல பிடிக்கிற முள்ளு இது. இதக் கொண்டு போயி குட்டையில போடப் போறீகளா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அல்லா கொடுப்பான், போங்க. அந்தப் புள்ள ஒரு வாய் சாப்பிடட்டும்," என்றார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் கடிக்கவில்லை. விராலுக்குச் சின்னத் தவளைதான் இரை. தவளையை முள்ளில் குத்த வேண்டும். அப்பா குத்தக் கூடாது. எனக்கோ அருவருப்பு. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "குத்திட்டியா? குத்திட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அழுதுகொண்டே குத்தினேன். பிறகு பாறை விளிம்பில் நான் கம்போடு நிற்க, இரண்டு முழம் தள்ளி அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஆட்டுக்காரப் பையன்கள் எதிர்ப்பாறையில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள்.

"டேய், சாமியாரு மீனுக்கு மந்திரம் ஓதுறாருடா!"

"என்ன மாமா, அயித்த கையக் கட்டிப்போட்டு அனுப்புனாகளா?"

"பயமாத்தான் இருக்கும். விரால் கடிச்சா வெரலு போயிரும்ல!"

அப்பா அவர்களோடு சேர்ந்து சிரித்தார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. எங்கள் அப்பா பூட்டிய சைக்கிளை ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் வைப்பவர். அவரைப் பார்த்துப் பயந்தவர் என்கிறார்கள், அவரும் சிரிக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை பயம்தானோ? சட்டமெல்லாம் ஒரு சாக்கோ? அப்படி நினைத்தேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயில் நேரத்துக்குப் போனோம். பையன்கள் ஆட்டை மரத்தடியில் அடைத்துவிட்டுத் தூங்கப் போயிருந்தார்கள். யாருமே இல்லை. தவளையைத் தண்ணீர் மேல் தட்டித் தட்டி ஆட்டினேன். மூன்றாவது தட்டில் தண்ணீர் பிளந்தது. யாரோ கீழேயிருந்து கையை நீட்டிக் கம்பைப் பறிப்பது மாதிரி ஓர் இழுப்பு. கம்பு நுனி தண்ணீரைத் தொட்டது. வளைவு இறங்கி இறங்கி என் கைக்கு வந்தது. அப்பா சந்தையில் சொன்னாரே, அதே வளைவு. பயத்திலும் அதை ஒரு நொடி வேடிக்கை பார்த்தேன்.

"விட்டுப் பிடி! விட்டுப் பிடி! பிரேக்கு போடாத!" அப்பா கத்தினார். அவருக்குத் தெரிந்த பாஷையில்தானே கத்துவார். "இப்ப மேட்டுல ஏறுற மாதிரி மெதுவா... மெதுவா மிதி!"

மிதிக்க அங்கே எதுவும் இல்லை. என் கால் வழுக்கி, பாறையில் உட்கார்ந்துவிட்டேன். செம்பாறை பொடிந்து கற்கள் தண்ணீரில் விழுந்தன. "கம்ப விட்டுருத்தா! போகட்டும், விட்டுரு!" என்று அலறினார். நான் விடவில்லை. அப்போது அவர் ஓடிவந்தார். கம்பைப் பிடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்து நின்று, இரண்டு முழங்காலையும் என் முதுகுக்கு முட்டுக்கொடுத்தார். கைகள் இரண்டும் அவர் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன. சுவரில் சாய்கிற மாதிரி அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டு நான் தூக்கினேன். கம்பு கிறீச்சென்றது, முறியவில்லை. என் கை நீளம் இருந்த விரால் பாறையில் வந்து விழுந்து படார் படாரென்று அடித்துக்கொண்டது.

அப்பா அதை அடிக்கவும் இல்லை, தொடவும் இல்லை. ஈரச்சாக்கை விரித்து அதில் உருட்டிக் கட்டச் சொன்னார். விரால் தண்ணீரில்லாமல் நெடுநேரம் உயிரோடு கிடக்கும். நான் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு, கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். அப்பா வெறுங்கையோடு பின்னால் வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். வேர்வை என்று நினைத்தேன்.

ஊர் நுழைகிற இடத்தில் அந்தப் பையன்கள் தூக்கம் கலைந்து எழுந்து வந்தார்கள். சாக்கு துள்ளுவதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். "யாரு இழுத்தது?" என்றான் பெரியவன்.

அந்த நொடியில் எனக்கு வேண்டியிருந்தது மீன் இல்லை. அவர்கள் அப்பாவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு மூஞ்சியை விட்டுப் போக வேண்டும். "எங்க அப்பாதான்!" என்றேன். "எனக்கு வழுக்கிருச்சு. அப்பா கம்ப வாங்கி ஒரே தூக்கு! ஒத்தக் கையில!"

பையன்கள் அப்பாவைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. "மாமோய்!" என்று ஒருவன் விசிலடித்தான். அப்பா என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர்கள் வீட்டை நோக்கி முன்னால் ஓடிவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது என் பொய் எங்களுக்கு முன்பே வாசலில் போய் நின்றுகொண்டிருந்தது.

அத்தை வாசலில் நின்றாள். பையன்களைப் பார்த்து, "சத்தம் போடாதீகடா. அவ காதுல விழுந்தா தின்ன சோறும் தங்காது," என்று பல்லைக் கடித்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

"தம்பி, நெசமா? நீயா தூக்குன?"

அப்பா என்னைப் பார்த்தார். பையன்கள் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்பாவைப் பார்த்துத் தலையைத் தலையை ஆட்டினேன். ஆமா சொல்லுங்க, ஆமா சொல்லுங்க என்று. இல்லை என்று சொன்னால் இந்தப் பையன்கள் முன்னால் நான் பொய்க்காரி ஆகிவிடுவேன் என்பது மட்டும்தான் அப்போது என் மண்டையில் இருந்தது.

அப்பா, "ஆமாக்கா. கை நீண்டுருச்சு," என்றார்.

அத்தை பஸ் ஏறப் போகவில்லை. சாக்கை வாங்கிக்கொண்டு போய்ச் சாம்பலைப் போட்டுப் பிடித்து, விராலை அரிவாள்மனையில் அறுத்தாள். அதுவரை அது உயிரோடுதான் இருந்தது. அந்த மீனின் உயிரை எடுத்தது உண்மையில் அத்தையின் கை. அதை மட்டும் இன்றைக்கு வரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததில்லை.

அம்மா அன்றைக்கு விரால் குழம்பு ஊற்றி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். வாந்தி எடுக்கவில்லை. முள்ளைச் சப்பிக்கொண்டே, "கம்பு முறியலையா?" என்று என்னைக் கேட்டாள். அதற்குப் பிறகு கஞ்சியும் இறங்கியது, சோறும் இறங்கியது. கன்னத்தில் சதை வைத்தது.

எட்டாம் மாதத்தில் பிள்ளை பிறந்தது. ஆண். நாலு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் விடியும்போது இல்லை. அத்தை தாங்க மாட்டாமல் அழுத அழுகையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "அன்னைக்கு அவன் கை சும்மா இருந்திருந்தா..." என்றாள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அப்பா வாசலில் சைக்கிள் பக்கத்தில் நின்றார். முந்தின நாள்தான் அவர் சவரம் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். தாடி இல்லாமல் முகம் சின்னதாக, வெளுத்துப்போய், எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மீன் பிடித்தால் பிள்ளை போகுமா என்று எனக்குத் தெரியாது. குறைமாசப் பிள்ளை, தங்குவது கஷ்டம் என்றுதான் ஆஸ்பத்திரி நர்சம்மா சொன்னார். ஆனால் எங்கள் வீட்டில் நர்சம்மா சொன்னது நிற்கவில்லை, அத்தை சொன்னதுதான் நின்றது. அம்மா அப்பாவோடு சண்டை போடவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள். காய்ச்சல் வந்தால் கசாயம் வைத்துக் கொடுத்தாள். சிரித்துப் பேசி மட்டும் நான் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருடம்.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஒன்பது வயதில் என் பொய்யையும் அம்மாவின் முகத்தையும் முடிச்சுப் போட எனக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது பதிநாலு வயது. ஒருநாள் கடையில் தனியாக இருந்தபோது அப்பாவிடம், "நான் அம்மாட்டச் சொல்லிடவாப்பா? நீங்க தொடவே இல்லன்னு," என்று கேட்டேன். அவர் தொட்டியில் டியூப்பை அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "வேணாம்த்தா. அப்புறம் ஒங்கையின்னு ஆயிரும்," என்றார். குமிழி வந்த இடத்தை விரலால் பொத்திக்கொண்டு, "கம்பு நல்ல கம்புதான் பாத்து எடுத்தோம்," என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போன மாதம் அந்தக் கடையிலேயே பம்பைப் பிடித்தபடி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இப்போதும் அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அவளுக்கு அப்பா இன்னொரு தடவை செத்துப்போவார் போலிருக்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது.

அந்த விரால் பிடித்த சாயங்காலத்தில் இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. பையன்கள் போய்விட்டார்கள். உள்ளே அத்தை மீனுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் கம்போடு நின்றேன். அப்பா வந்து, "கொண்டா," என்று கையை நீட்டினார். சந்தையிலிருந்து அன்றுவரை அவர் அந்தக் கம்பைத் தொட்டதே இல்லை. இப்போது வாங்கினார். அடியைத் தரையில் ஊன்றினார். நுனியைப் பிடித்து, நான் சந்தையில் வளைத்த மாதிரியே மெதுவாக வளைத்தார். அடி வரைக்கும் வளைவு இறங்கி வருவதைக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு விட்டார். அது நிமிர்ந்தது. தலையை ஆட்டிக்கொண்டு, உள்ளே கொண்டுபோய் உத்தரத்துக்கு மேலே சொருகினார்.

எனக்கு ஒரே சந்தோஷம். அப்பாவும் என்னைப்போல் பொய் சொல்லுவார், நாங்கள் இரண்டு பேரும் ஒரு கட்சி. ஒன்று மட்டும்தான் எனக்கு விளங்கவில்லை. மீனைத்தான் பிடித்தாயிற்றே, இனி எந்தப் பாரத்தைத் தூக்குவதற்காக இவர் கம்பைச் சோதித்துப் பார்க்கிறார்?